லைக்கா எம்2க்கு முதல் லென்ஸ்: கடற்கரையில் படம் எடுப்பவருக்கு

கேள்வி: மாமாவிடமிருந்து லைக்கா எம்2 பாடி மட்டும் கைக்கு வந்திருக்கிறது, லென்ஸ் இல்லை. ஊர் தொண்டி. பெரும்பாலும் கடற்கரையில்தான் படம் எடுப்பேன். ஒரு லென்ஸுக்குத்தான் காசு இருக்கிறது. 35, 50, 90 இவற்றில் எது? சேர்த்துவைத்து எஃப் 1.4 வாங்கலாமா?

பதில்:

35 எம்எம் வாங்குங்கள், மூன்றில் அதுதான் அகலமாகக் காட்டும். எஃப் 2.8 போதும், 1.4க்காகக் காத்திருக்க வேண்டாம் (எஃப் எண் சிறிதானால் லென்ஸின் துவாரம், அதாவது அப்பர்ச்சர், பெரிது; வெளிச்சம் அதிகம் வரும்). நான் கீழக்கரைக்காரன். என்னிடமும் எம்2தான், எடுப்பதும் இதே கரையில்தான். அதனால் காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எம்2 போன்ற ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் நீங்கள் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. மேல் மூலையில் உள்ள தனி ஜன்னல் வழியாகப் பார்க்கிறீர்கள். அதில் ஒரு வெள்ளைக் கட்டம் தெரியும். கட்டத்துக்குள் விழுவதுதான் படம். எந்தெந்த லென்ஸுக்குக் கட்டம் உண்டு என்பதைப் பாடிதான் தீர்மானிக்கிறது. 1954இல் வந்த எம்3யின் ஜன்னல் 0.91 மடங்கு, ஏறக்குறைய வெறும் கண்ணால் பார்ப்பது போலவே இருக்கும். ஆனால் அதில் 50, 90, 135 கட்டங்கள்தான். அடுத்து வந்த எம்2வில் 0.72 மடங்காகக் குறைத்து 35, 50, 90 என்று வைத்தார்கள். மாட்டும் லென்ஸுக்கு ஏற்ற கட்டம் மட்டும் தெரியும், அருகில் ஃபோகஸ் செய்தால் கட்டமும் கூடவே நகரும். என்னைக் கேட்டால் அந்த ஜன்னலே 35க்காகச் செய்ததுதான்.

இதன் சுகம் தெரிய ஒரு நாள் தனுஷ்கோடிப் பக்கம் போய், கரைவலை இழுக்கும்போது எடுத்துப் பாருங்கள். வலையின் இரண்டு பக்கக் கயிற்றிலும் ஆட்கள் வரிசையாக நின்று, பின்னால் சாய்ந்து சாய்ந்து இழுப்பார்கள். கடைசி ஆள் கயிற்றை விட்டுவிட்டு முன்னால் ஓடி மறுபடி பிடிப்பார். அவர் ஓடி வருவது கட்டத்துக்கு வெளியிலேயே உங்களுக்குத் தெரிந்துவிடும். எப்போது உள்ளே நுழைவார், கால் எப்போது மணலில் ஊன்றும் என்று பார்த்து அழுத்தலாம். லென்ஸ் வழியாகவே காட்சியைக் காட்டும் எஸ்எல்ஆர் கேமராவில் அழுத்தும் கணத்தில் கண்ணாடி மேலே எழும்பிக் காட்சி இருட்டாகிவிடும். இதில் கண்ணாடியே இல்லை. நீங்கள் எடுத்த கணத்தை நீங்களே பார்த்திருப்பீர்கள். இடது கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டால் இன்னும் நன்றாக இருக்கும். இந்த ஒன்றுக்காகவே இந்தக் கேமராவை நான் எதற்கும் மாற்ற மாட்டேன்.

சரி, ஏன் 1.4 வேண்டாம்? நம்ம வெயில்தான் காரணம். பளிச்சென்ற வெயிலில் ஐஎஸ்ஓ (ஃபிலிம் வெளிச்சத்தை வாங்கும் திறன்) 400 ஃபிலிமுக்கு எஃப் 16, ஷட்டர் 1/500 என்பது பழைய கணக்கு. துண்டு கட்டிய தலைக்குக் கீழே முகம் நிழலில் இருக்கும், அதற்காக ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்கு வெளிச்சம், திறந்தால் எஃப் 11. எம்2வின் உச்ச வேகமே 1/1000தான். அந்த வேகத்துக்குப் போனாலும் எஃப் 8 வரைதான் திறக்கலாம். ஐஎஸ்ஓ 100 போட்டால் எஃப் 4. காலை ஒன்பது மணியிலிருந்து மாலை நான்கு மணிவரை இந்தக் கரையில் 1.4க்கு வேலையே இல்லை. அந்தக் கனத்தைத் தூக்கிக்கொண்டு மணலில் நடக்க வேண்டியதுதான்.

விடியுமுன் மீன் ஏலம் நடக்கும் இடத்தில் பல்பு வெளிச்சத்தில் எடுக்க வேண்டுமே என்று கேட்பீர்கள். எஃப் 2.8, ஷட்டர் 1/30, 400 ஃபிலிமை 1600 என்று வைத்து எடுத்து, அதற்கேற்ப 1600க்குத் தள்ளிக் கழுவச் சொல்லுங்கள். உள்ளே ஆடும் கண்ணாடி இல்லாததால் 1/30இல் கை நிற்கும், மூச்சைப் பிடித்தால் 1/15 கூட.

எஃப் 11இல் 35 லென்ஸை 4 மீட்டரில் வைத்துவிட்டால் ஏறக்குறைய 2 மீட்டரிலிருந்து அடிவானம் வரைக்கும் தெளிவாக விழும். ஃபோகஸைத் தொடவே வேண்டாம். வல்லத்திலிருந்து (மீன்பிடிப் படகு) கூடையோடு ஒருவர் இறங்குகிறார், கேமராவைத் தூக்கினீர்கள், எடுத்தீர்கள், முடிந்தது. 50இல் இதே எஃப் 11இல் அடிவானம் வரை தெளிவு வேண்டும் என்றால் அது ஏறக்குறைய 4 மீட்டரிலிருந்துதான் தொடங்கும். வலை பிரிக்கும் இடத்தில் யாரும் அவ்வளவு தள்ளி நிற்பதில்லை.

எந்த 35? பழையதில் லைக்காவின் சம்மரான் எஃப் 2.8 எனக்கு மிகப் பிடித்தது. சின்னது, கறுப்பு வெள்ளையில் நிழலுக்குள்ளும் நயமாக வரும். ஆனால் எம்3க்காகச் செய்த, ஜன்னலுக்கு முன்னால் மூக்குக்கண்ணாடி போல ஒன்று மாட்டிய 35ம் சந்தையில் திரியும்; விலை குறைவாக இருந்தாலும் எம்2க்கு அது வேண்டாம். புதிதாக வேண்டும் என்றால் வாய்க்லாண்டர் கலர் ஸ்கோபார் எஃப் 2.5. உள்ளங்கையில் மறைந்துவிடும் அளவு, லென்ஸ் கண்ணாடியின் மேல் உள்ள பூச்சு நவீனமானது. நீங்கள் சூரியனுக்கு எதிரே நின்று எடுக்கிறவர் என்றால் இதுதான் சரி, பழைய பூச்சில் எதிர்வெயில் வெளுத்துப்போகும். காசு ரொம்ப இறுக்கம் என்றால் திருகு மவுண்ட் ரஷ்ய ஜூப்பிட்டர் 12 இருக்கிறது. அதை அடாப்டர் போட்டு மாட்ட வேண்டும்; 35 கட்டத்தைக் கொண்டுவரும் அடாப்டர்தானா என்று கேட்டு வாங்குங்கள். லென்ஸுக்கு லென்ஸ் தரம் மாறும், ஆனால் எஃப் 8க்கு மேல் பெரிதாகத் தெரியாது.

பழைய லென்ஸ் எதுவானாலும் வாங்குமுன் அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். புகை மாதிரி மங்கல் இருந்தாலோ நூல் நூலாகப் பூஞ்சை இருந்தாலோ எடுக்காதீர்கள். தூசி இருந்தால் பரவாயில்லை. நம்ம ஈரக்காற்றில் பூஞ்சை குறையாது, வளரும். தோல் பையில் போட்டு அலமாரியில் பூட்டிவைக்காமல், சிலிக்கா ஜெல்லோடு இறுக்கமான டப்பாவில் வையுங்கள்.

50 கெட்ட லென்ஸ் இல்லை. பின்னால் காசு சேர்ந்தால் சம்மிக்ரான் எஃப் 2 பாருங்கள். 90 இந்த ஜன்னலில் சின்னக் கட்டமாகிவிடும், முகங்களுக்கு மட்டும் உதவும். குளிர்காலத்தில் வரும் பூநாரைகளை எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதற்கு வேறு கேமரா, வேறு லென்ஸ்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை, இதை மறக்கவே கூடாது. எம்2வின் ஷட்டர் ரப்பர் பூசிய துணி. முன்னால் கண்ணாடி இல்லாததால் லென்ஸ் சூரியனைப் பார்த்தபடி இருந்தால் பூதக்கண்ணாடியில் காகிதம் கருகுவது போல் துணியில் ஓட்டை விழும். மூடி போடலாம், ஆனால் லென்ஸ் வழியாகப் பார்க்காத கேமராவில் மூடி இருப்பது ஜன்னலில் தெரியாது. அதனால் தோளில் தொங்கும்போது லென்ஸை உடம்புப் பக்கம் திருப்பி, அப்பர்ச்சரை எஃப் 16இல் வைத்துவிடுவது என் வழக்கம். ஆண்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் அலை அடிக்கும் நாளில் சாரல் பட்டால் உப்பு காயுமுன் லேசான ஈரத்துணியால் பாடியைத் துடைத்துவிடுங்கள்.

லென்ஸ் வருமுன் ஒரு வேலை. பாடியின் பின்கதவைத் திறந்து, ஷட்டரை பி-யில் வைத்து அழுத்திப் பிடித்து, துணி முழுக்க விலகுகிறதா பாருங்கள். அப்புறம் துணியை மூடி, இருட்டறையில் முன்பக்கம் டார்ச் அடித்துப் பின்னாலிருந்து ஊசிமுனை வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். மாமா வீட்டில் பல வருடம் சும்மா கிடந்த கேமரா என்றால் மெதுவான வேகங்கள் திணறும். அப்படியிருந்தால் கலர் ஸ்கோபாரை விட்டு ஜூப்பிட்டரை வாங்கி, மிச்சக் காசை சர்வீஸுக்கு வையுங்கள்.