பள்ளி சொல்லும் டேப்லெட்டை வாங்கித்தான் ஆக வேண்டுமா?

கேள்வி: மகள் தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். வகுப்பில் பயன்படுத்த 28,000 ரூபாய்க்கு டேப்லெட் வாங்கச் சொல்கிறார்கள். பள்ளிக்கே ஓர் ஆள் வந்து தவணைக்கு எழுதி வாங்குகிறார். வாங்கலாமா? வகுப்பில் யூடியூப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டாளா?
- திருப்பூர் வாசகி

பதில்: யூடியூபுக்கு அப்புறம் வருகிறேன். முதலில், அந்தத் தவணைக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

வட்டியில்லாத் தவணை என்று சொல்லித் தருவது பெரும்பாலும் ஏதோ ஒரு நிதி நிறுவனத்தின் கடன்தான். அது உங்கள் பெயரில், உங்கள் பான் எண்ணில் ஏறும். மூன்றாம் மாதமே டேப்லெட் உடைந்தாலும், பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றினாலும், கடன் அதுபாட்டுக்கு ஓடும். தவணை தவறினால், கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று காட்டும் சிபில் மதிப்பெண் இறங்கும். வீட்டுக் கடன் கேட்டுப் போகிற அன்றுதான் அது உங்களுக்குத் தெரியவரும். இணையவழிக் கல்வி நிறுவனங்களிடம் கவனமாக இருங்கள், கணக்கிலிருந்து தானாகப் பணம் பிடிக்கும் வசதியைத் தவிருங்கள் என்று 2021 டிசம்பரில் மத்தியக் கல்வி அமைச்சகமே அறிவுறுத்தியது. சொன்னதோடு சரி. பள்ளிக்குள் மேசை போட்டு உட்காருகிற ஆளை யார் கேட்பது? கல்வி அலுவலகத்துக்குப் போனால், ‘தனியார் பள்ளிதானே, அங்கேயே பேசிக்கொள்ளுங்கள்’ என்பார்கள்.

டேப்லெட்டுக்கு எவ்வளவு, உள்ளே இருக்கும் பாடங்களுக்கு எவ்வளவு என்று பிரித்துப் பில் கேளுங்கள். அதே மாடலின் விலையைக் கடையில் விசாரியுங்கள். எட்டாம் வகுப்புக்கு 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பு தாராளம். என்சிஇஆர்டி புத்தகங்களும் தமிழ்நாட்டுப் பாடநூல்களும் இணையத்தில் இலவசம். புத்தகத்திலுள்ள க்யூஆர் குறியை, அரசின் திக்‌ஷா செயலியில் காட்டினால் பாடக் காணொளிகளும் வரும். அதற்கே வண்ணம் பூசி விற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். (பாடத்துக்குப் பாடம் க்யூஆர் குறி அச்சடிக்கிறார்கள், அதை ஸ்கேன் செய்ய மாணவன் கைப்பேசி கொண்டுவந்தால் பிடுங்கி வைக்கிறார்கள்!)

இப்போது யூடியூப். பள்ளி வைஃபையில் தடுத்திருப்பதாகச் சொல்வார்கள். ஒரே ஒரு பிள்ளையிடம் சிம் போட்ட கைப்பேசி இருந்து, ஹாட்ஸ்பாட் போட்டுவிட்டால் அந்தத் தடை போயிற்று. பூட்டு டேப்லெட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். எந்தச் செயலி ஓடலாம் என்பதைப் பள்ளி தன் கையில் வைத்துக்கொள்ளும் மென்பொருள்கள் உண்டு. ஆனால் பள்ளியை விட்டு விலகும்போது அந்தப் பூட்டை எடுத்துத் தருவோம் என்று எழுதி வாங்குங்கள். இல்லாவிட்டால் கையில் மிஞ்சுவது ஒரு கண்ணாடிப் பலகை. அப்படிப் பூட்டு இல்லையென்றால், கூகுளின் ஃபேமிலி லிங்க் செயலியை உங்கள் கைப்பேசியில் போட்டு நீங்களே நேரமும் செயலிகளும் வரையறுக்கலாம்.

இவ்வளவு சொன்னாலும் ஒரு விதிவிலக்கு. பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைக்கு டேப்லெட் ஆடம்பரம் அல்ல. கரும்பலகையைப் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கலாம். ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் உள்ள டாக்பேக் வசதி பாடத்தை வாசித்துக் காட்டும். ‘ஒரு பிள்ளைக்கு அனுமதித்தால் எல்லோரும் கேட்பார்கள்’ என்று தலைமையாசிரியர் சொன்னால் விடாதீர்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, அரசு அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளியும் அந்தப் பிள்ளைக்குத் தேவையான வசதியைச் செய்து தர வேண்டும். மருத்துவச் சான்றோடு எழுத்தில் கேளுங்கள், வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்தும் முத்திரையும் பெறுங்கள். வாய்மொழியாகக் கேட்டால் அடுத்த கல்வியாண்டு வரை அலைய விடுவார்கள்.

உங்கள் மகளுக்கு அந்தத் தேவை இல்லையென்றால், பள்ளியிடம் ஒரே கேள்வி: வெளியில் வாங்கிய டேப்லெட்டை அனுமதிப்பீர்களா? பதிலை எழுத்தில் கேளுங்கள். அது வரும்வரை தவணைக்காரரைக் காக்க வையுங்கள்.