ஸ்கேன் எடுத்தால் தெரியுமா?

கேள்வி: தங்கைக்கு 22 வயது. நான் போனை எடுக்கப் பத்து நிமிடம் தாமதமானாலும், ‘என்னைக் கைவிட்டுட்டே’ என்று கொந்தளிக்கிறாள், கையைக் கீறிக்கொள்கிறாள். ‘பார்டர்லைன்’ ஆளுமைக் கோளாறா? ஸ்கேனில் தெரியுமா?

பதில்: ஸ்கேனில் தெரியாது. பார்டர்லைன் என்பது உணர்ச்சிகளும் உறவுகளும் நிலையில்லாமல் தத்தளிக்கும் மனநலக் கோளாறு. ரத்தப் பரிசோதனைகூட தைராய்டு போன்ற காரணங்களை விலக்கத்தான். இந்தக் கோளாறு என்று சொல்ல, மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் டிஎஸ்எம்-5 கையேட்டின் 9 அறிகுறிகளில் குறைந்தது ஐந்து இருக்க வேண்டும். அவை வீடு, வேலை, நட்பு எல்லாவற்றிலும் நெடுநாள் தொடர்ந்திருக்க வேண்டும். அதனால் மனநல மருத்துவர் உங்களிடமும் விசாரிப்பார். பைபோலார் (மன எழுச்சியும் சோர்வும் மாறி மாறி வரும் நோய்) என்று தவறாகக் கணிப்பதும் உண்டு: அதில் மன எழுச்சி குறைந்தது 4 நாள் நீடிக்கும், பார்டர்லைனில் மனநிலை பெரும்பாலும் சில மணி நேரத்தில் மாறிவிடும். பலன் தருவது முக்கியமாகப் பேச்சு சிகிச்சை, மாத்திரை துணைதான்.

கையைக் கீறுவதை ‘நடிப்பு’ என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். இந்த வாரமே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அவசரமென்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416.