அந்த சோடா எந்தக் கடையில் கிடைக்கும்?

அன்புள்ள சார்,

நான் சென்னையில் ஒரு தனியார் எஃப்.எம். நிலையத்தின் விளம்பரப் பிரிவில் வேலை பார்க்கிறேன். உங்கள் தளத்தைப் பல வருடமாக வாசித்து வருகிறேன். டாஸ்மாக்கை எதிர்த்துப் பாடிய கோவன் கைதானதைப் பற்றி எழுதியபோது, நமக்குப் பிடிக்காத பேச்சுக்கும் சேர்த்துத்தான் பேச்சுரிமை என்று சொல்லியிருந்தீர்கள். அப்படியென்றால் ரேடியோவிலும் டி.வி.யிலும் மது விளம்பரத்துக்கு மட்டும் ஏன் தடை? சட்டப்படி விற்கிற பொருள். விற்பதே அரசாங்கம். அமெரிக்காவில் 1984இல் ஒக்லஹோமா, 1996இல் ரோட் ஐலண்ட் என்று இந்த மாதிரித் தடைகளை உச்ச நீதிமன்றமே தூக்கிப் போட்டிருக்கிறது. நம் உச்ச நீதிமன்றமும் 1995இல் டாடா பிரஸ் வழக்கில் விளம்பரமும் பேச்சுதான் என்று ஒத்துக்கொண்டுவிட்டது. இதில் நீங்கள் எந்தப் பக்கம்? பெயர் போட வேண்டாம் சார், வேலைக்குச் சிக்கல் வரும்.

ர.
கொளத்தூர்

அன்புள்ள ர.,

ஒலிபரப்பில் மது விளம்பரத்துக்குத் தடை இருக்க வேண்டும் என்பதுதான் என் கருத்து. ஆனால் உங்கள் கடிதத்தில் பாதிக்கு மேல் நியாயம் இருக்கிறது. அதற்குப் பதில் சொல்லாமல் என் முடிவை மட்டும் சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை.

முதலில் ஒரு திருத்தம். ஒக்லஹோமா வழக்கு பேச்சுரிமைத் தீர்ப்பு இல்லை. வெளி மாநில சேனல்களில் வரும் ஒயின் விளம்பரங்களை கேபிள்காரர்கள் வெட்டிவிட்டுத்தான் காட்ட வேண்டும் என்று அந்த மாநிலம் சொன்னது. கேபிள் விஷயத்தில் மத்திய அரசின் விதிதான் செல்லும், மாநிலம் குறுக்கே வர முடியாது என்று சொல்லி நீதிமன்றம் முடித்துவிட்டது. விளம்பரம் பேச்சா இல்லையா என்ற இடத்துக்கே அது போகவில்லை.

உங்களுக்கு உண்மையில் கைகொடுப்பது ரோட் ஐலண்ட். மதுவின் விலையை விளம்பரத்தில் போடக் கூடாது என்று 1956இலிருந்து அங்கே சட்டம். ஒரு கடைக்காரர் பத்திரிகை விளம்பரத்தில் வேர்க்கடலை, சிப்ஸ் விலையையெல்லாம் மலிவாகப் போட்டார். வோட்கா, ரம் பாட்டில் படங்களுக்குப் பக்கத்தில் விலை போடவில்லை, ‘வாவ்’ என்று மட்டும் அச்சடித்தார். அந்த ஒரு சொல்லுக்கு 400 டாலர் அபராதம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் சட்டமே செல்லாமல் போயிற்று. குடியைக் குறைக்க வேண்டுமென்றால் வரியைக் கூட்டலாம், விலையை ஏற்றலாம், பிரசாரம் செய்யலாம். உண்மையான தகவலை மக்கள் கண்ணில் படாமல் வைப்பது வழியல்ல என்றார்கள். அதற்கு முந்தைய வருடம்தான், பீர் லேபிளில் ஆல்கஹால் அளவைப் போடக் கூடாது என்ற 1935ஆம் வருடத்துச் சட்டமும் அதே நீதிமன்றத்தில் விழுந்திருந்தது.

இரண்டு தீர்ப்பையும் நான் முழு மனதோடு ஏற்கிறேன். ஒரு பாட்டில் என்ன விலை, அதற்குள் எத்தனை சதவீதம் ஆல்கஹால் என்பதைத் தெரிந்துகொள்வது குடிக்கிறவரின் உரிமை. அதை மறைத்து அவரைத் திருத்தப் பார்ப்பது அவரைக் குழந்தையாக நடத்துவது. ஆனால் இரண்டிலும் நீதிமன்றம் காப்பாற்றிக் கொடுத்தது வாங்குகிறவருக்குப் பயன்படும் தகவலை. எஃப்.எம்.மில் உங்களிடம் முப்பது வினாடி வாங்க வருகிறவர் விலையும் சதவீதமும் சொல்லவா வருகிறார்? ஒரு இசை, ஒரு நடிகர், ஆண்பிள்ளைத்தனம், நட்பு, வெற்றி. அவ்வளவுதான் இருக்கும்.

அமெரிக்காவிலும் ஒலிபரப்பை அவர்கள் தனியாகத்தான் பார்த்தார்கள். மிசிசிப்பி மாநிலத்தின் மது விளம்பரத் தடை 1983இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தப்பித்தது. சாராய கம்பெனிகளோ தாங்களாகவே 1936இலிருந்து ரேடியோவிலும் 1948இலிருந்து டி.வி.யிலும் விளம்பரம் செய்வதில்லை என்று கட்டுப்பாடு வைத்திருந்தன. 1996இல் டெக்சாஸில் ஒரு கம்பெனி அதை உடைத்தது.

நான் நீண்ட நேரம் யோசித்தது சிகரெட் வழக்கைப் பற்றி. 1971 ஜனவரி 2ஆம் தேதியிலிருந்து அங்கே ரேடியோவிலும் டி.வி.யிலும் சிகரெட் விளம்பரம் கிடையாது. ஒலிபரப்பாளர்கள் வழக்குப் போட்டுத் தோற்றார்கள். மூன்று நீதிபதிகளில் ஸ்கெல்லி ரைட் என்பவர் மட்டும் மாறுபட்டார். அவர் சொன்னதைக் கேளுங்கள். 1967இலிருந்து அங்கே ஒரு விதி இருந்தது: சிகரெட் விளம்பரம் போடுகிற நிலையம், புகைக்கு எதிரான விளம்பரத்துக்கும் கணிசமான நேரம் தர வேண்டும், தேவைப்பட்டால் இலவசமாக. அந்த எதிர் விளம்பரங்கள் வேலை செய்தன. ஆளுக்கு எத்தனை சிகரெட் என்ற கணக்கு இறங்க ஆரம்பித்தது. தடை வந்ததும் சிகரெட் விளம்பரம் நின்றது. அதைச் சாக்கிட்டுக் கிடைத்து வந்த இலவச நேரமும் அதோடு போயிற்று. தடையைக் கம்பெனிகள் பெரிதாக எதிர்க்காமல் இருந்ததற்கு இதுதான் காரணம் என்று ரைட் கருதினார்.

இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத ஓடவில்லை. விளம்பரத்தை நிறுத்துவது மட்டும் போதாது, எதிர்த்துப் பேசுகிறவரின் வாய் திறந்திருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். கடைசியில் இதற்குத் திரும்பி வருகிறேன்.

இப்போது நம் ஊர்ச் சட்டம். டாடா பிரஸ் தீர்ப்பைச் சரியாகத்தான் சொன்னீர்கள். 1959 டிசம்பரில் வந்த ஹம்தர்த் தீர்ப்பு, வியாபார விளம்பரம் பேச்சுரிமைக்குள் வராது என்ற மாதிரிப் போயிற்று. அதை 1995இல் நேர் செய்தார்கள். உங்களுக்கு உதவக்கூடிய, ஆனால் நீங்கள் கடிதத்தில் எடுக்காத இன்னொரு வாதமும் இருக்கிறது. பேச்சைக் கட்டுப்படுத்தும் காரணங்களை அரசியல் சாசனத்தின் 19(2) பிரிவு வரிசையாகச் சொல்கிறது: நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, கண்ணியம், அவதூறு என்று. அதில் மக்கள் நலன் என்ற காரணம் இல்லை. அது வியாபாரத்தைப் பற்றிய 19(6)இல்தான் இருக்கிறது. ‘உடம்புக்குக் கெடுதல்’ என்ற ஒற்றைக் காரணத்தைச் சொல்லிப் பேச்சைத் தடுக்க வழி சுலபமில்லை. பம்பாய் மதுவிலக்குச் சட்டம் மதுவைப் புகழ்வதையே குற்றமாக்கியிருந்தது. 1951இல் பல்சாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் பகுதியைச் செல்லாது என்றது. கள்ளைப் புகழ்ந்து ஒருவர் கவிதை எழுதலாம், மதுவிலக்கு வேண்டாம் என்று மேடையில் வாதாடலாம். அவருக்காக நானும் நிற்பேன்.

பிறகு எதை வைத்துத் தடையை ஆதரிக்கிறேன்? மது வியாபாரம் செய்வது யாருக்கும் அடிப்படை உரிமை இல்லை என்று 1994இல் கோடே டிஸ்டில்லரீஸ் வழக்கில் தீர்ப்பு வந்தது. அதைச் சொல்லிப் பலர் தப்பித்துக்கொள்வார்கள். நான் பிடித்துக்கொள்வது அதை இல்லை. 1995இல் கிரிக்கெட் ஒளிபரப்பைப் பற்றிய வங்காளக் கிரிக்கெட் சங்க வழக்கில் இரண்டு விஷயம் சொன்னார்கள். அலைவரிசை பொதுச் சொத்து. அதில் பேசுகிறவரின் உரிமையை விடப் பார்க்கிறவர், கேட்கிறவர் உரிமை பெரிது. டாடா பிரஸ் தீர்ப்பிலும் கேட்கிறவரின் உரிமை பேசப்படுகிறது. நீங்கள் எந்தப் பக்கம் என்று கேட்டீர்களே, நான் அந்தக் கேட்கிறவர் பக்கம்.

அவர் யார்? உங்கள் துறையில் ஒரு வாதம் உண்டு: விளம்பரம் புதிதாக யாரையும் குடிக்க வைக்காது, குடிக்கிறவரை ஒரு பிராண்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும், அவ்வளவுதான் என்று. தமிழ்நாட்டில் இதைச் சொல்ல முடியுமா? 2003இலிருந்து சில்லறை விற்பனை முழுக்க டாஸ்மாக் கையில். சாயங்காலம் ஏதாவது ஒரு கடை வரிசையில் நின்று பாருங்கள். கம்பிக்குள் கையை நீட்டிப் பெரும்பாலானவர்கள் சொல்வது ‘குவார்ட்டர் ஒண்ணு’. அப்புறம் விலை. உள்ளே இருப்பவர் எதை எடுத்துக் கொடுக்கிறாரோ அதை வாங்கி இடுப்பில் சொருகிக்கொண்டு போகிறார்கள். இவர்களுக்காகக் கோடிக்கணக்கில் செலவு செய்து யாரும் பாட்டு போட வேண்டியதில்லை. அந்தப் பாட்டு இன்னும் வரிசைக்கு வராதவனுக்காக. ஷேர் ஆட்டோவில் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டியூஷனுக்குப் போகிற பையனுக்காக.

தடை இருந்தும் அது அவனிடம் வந்து சேரவே செய்கிறது. போன ஐ.பி.எல். சமயத்தில் பெரம்பூரில் தங்கை வீட்டில் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓவருக்கு இடையில் ஒரு சோடா விளம்பரம். ஊரறிந்த விஸ்கியின் பெயர், அதே எழுத்து, அதே நிறம். கீழே பொடி எழுத்தில் ‘சோடா’. தங்கை மகளுக்கு ஏழு வயது. "மாமா, அந்த சோடா வாங்கித் தர்றீங்களா?" என்றாள். சரி என்று கையைப் பிடித்துக்கொண்டு பேப்பர் மில்ஸ் ரோட்டுக்குப் போனேன். முதல் பெட்டிக்கடையில் கோலி சோடா இருந்தது, அது இல்லை. அடுத்த கடைக்காரர் பன்னீர் சோடாவை எடுத்து வைத்தார். மூன்றாவது கடையில் பெரியவர் ஒருவர் பிள்ளையைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "சார், அந்தப் பேர்ல சோடா நான் பார்த்ததே இல்ல. அது வேற கடை சரக்கு" என்றார். அவள் பன்னீர் சோடாவைக் குடித்துக்கொண்டே வீடு வரைக்கும் அந்த விளம்பரத்தின் மெட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தாள்.

கேபிள் டி.வி. விதிகளின் 7வது விதி, மதுவை நேராகவோ மறைமுகமாகவோ தூக்கிப் பிடிக்கும் விளம்பரம் கூடாது என்றுதான் சொல்கிறது. அதே பெயரில் வேறு பொருள் விற்பவர்களுக்கு 2009இல் நிபந்தனையோடு ஒரு வாசல் திறந்தார்கள். அந்த வாசல் வழியாகத்தான் சோடா வருகிறது, மியூசிக் சி.டி. வருகிறது. ரோட் ஐலண்ட் கடைக்காரர் ‘வாவ்’ என்று போட்டது, சொல்ல முடியாத ஒரு உண்மையைச் சுட்டிக்காட்ட. இந்த சோடா அப்படி இல்லை. மூன்று கடையில் தேடியும் கிடைக்காத ஒரு பொருளை விற்பதாகச் சொல்வது பொய். பொய் விளம்பரத்துக்கு டாடா பிரஸ் தீர்ப்பும் பாதுகாப்பு தரவில்லை. முதலில் மூட வேண்டியது இந்த வாசலை.

விற்பதே அரசாங்கம் என்று கேட்டீர்கள். தடை போட்டது மத்திய அரசு, கடை நடத்துவது மாநில அரசு என்று சட்டப்படி ஒரு பதில் இருக்கிறது. எனக்கு அது நிறைவு தரவில்லை. ‘மது நாட்டுக்கு வீட்டுக்கு உயிருக்குக் கேடு’ என்று எழுதிவிட்டு அதே கையால் பாட்டிலை நீட்டுகிற அரசுக்கு, மக்கள் நலன் என்று நீதிமன்றத்தில் வாதாடும்போது குரல் கம்மத்தான் செய்யும். நெடுஞ்சாலை ஓரத்துக் கடைகளையும் அவற்றின் அறிவிப்புப் பலகைகளையும் எடுக்கச் சொல்லி 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. வழக்கைத் தொடங்கியது சென்னை வழக்கறிஞர் பாலு. மேல்முறையீட்டுக்குப் போனது தமிழ்நாடு அரசு.

கோவனுக்கு நடந்ததையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். 2015 ஜூலை கடைசி நாளில், டாஸ்மாக் கடையை மூடச் சொல்லிப் போராடிய சசிபெருமாள் கன்னியாகுமரி மாவட்டத்தில் செல்போன் கோபுரத்தில் ஏறிப் போராடி உயிரை விட்டார். அதே வருடம் அக்டோபர் கடைசியில், மதுக்கடையை மூடச் சொல்லிப் பாடியதற்காகக் கோவனைத் திருச்சியில் பிடித்துச் சென்னைக்குக் கொண்டுவந்தார்கள். போட்டது தேசத்துரோகப் பிரிவு. விற்கிறவரும் போலீசை வைத்திருப்பவரும் ஒருவரே ஆகிவிட்டால் எதிர்த்துப் பாடுகிறவர் கதி இதுதான். ஸ்கெல்லி ரைட் பயந்தது எதிர்க்குரலுக்கு நேரம் கிடைக்காமல் போகும் என்று. இங்கே எதிர்க்குரலைச் சிறைக்குள் வைத்தார்கள். மது சம்பந்தமாகத் தமிழ்நாட்டில் பேச்சுரிமை அடிவாங்கிய இடம் அது. விளம்பரம் போட முடியாத கம்பெனி நஷ்டத்தை அதற்குப் பக்கத்தில் வைக்க என் மனம் ஒப்பவில்லை.

ஆகவே உங்கள் நிலையத்துக்கு மது விளம்பரம் கேட்டு யாராவது வழக்குப் போட்டால் நான் கூட வர மாட்டேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். தனியார் எஃப்.எம். நிலையங்கள் சொந்தமாகச் செய்தி வாசிக்க இந்த நாட்டில் அனுமதி இல்லை. ஆகாசவாணியின் செய்தி அறிக்கையை அப்படியே எடுத்துப் போடலாம், அவ்வளவுதான். கோவன் கைதான அன்றைக்கு அந்தச் செய்தியை உங்கள் நிலையம் தன் குரலில், தன் வார்த்தையில் கொளத்தூருக்குச் சொல்லியிருக்க முடியாது. அந்தத் தடையை எதிர்த்து உங்கள் ஆட்கள் நீதிமன்றம் போகிறார்கள் என்றால் தேதியை மட்டும் எழுதுங்கள். காலை பத்து மணிக்கெல்லாம் ஐகோர்ட் வாசலில் இருப்பேன்.

அன்புடன்.