அம்மாவின் முறை (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

எட்டு வயது மகனுக்கு நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற வீடியோ கேம் கருவி வாங்கிக் கொடுத்தோம். சந்தா கட்டினால் அதிலேயே பழைய சூப்பர் மாரியோ பிரதர்ஸும் கிடைக்கிறது. சின்ன வயதில் டிவி கேமில் நான் ஆடிய அதே விளையாட்டு. புதிய மாரியோக்களைவிட இதுதான் மேல் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். வெறும் பழைய ஞாபகத்தால் சொல்கிறார்களோ என்று தோன்றுகிறது. இதில் குழந்தையின் நேரம் வீணாகிறதா? அதில் வரும் மேகமும் புதரும் ஒரே படம் என்கிறார்களே, உண்மையா?

போன வாரம் என் அம்மாகூட ஆசைப்பட்டு கன்ட்ரோலரை வாங்கி ஆடிப் பார்த்தார். முதலில் வரும் காளான் பொம்மையிடமே மூன்று உயிரும் போய்விட்டது. பேரன் சிரித்துக்கொண்டே பிடுங்கிக்கொண்டான். நானும் “அம்மா, இதெல்லாம் உங்களுக்கு வராது” என்றேன். வீடே சிரித்தது. நேரமிருந்தால் பதில் எழுதுங்கள்.

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

மேகமும் புதரும் ஒரே படம்தான். வெள்ளையில் வந்தால் மேகம், பச்சையில் வந்தால் புதர். 1985 செப்டம்பரில் ஜப்பானில் வந்த அந்த கேசட்டில் மொத்த விளையாட்டும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது. அதில் படங்களுக்கென்று இருந்தது 8 கிலோபைட். செல்போனில் எடுக்கும் ஒரே ஒரு புகைப்படத்துக்கே இதைப்போலப் பல மடங்கு இடம் வேண்டும். அதனால் எதையும் இரண்டு முறை வரையவில்லை.

நேரம் வீணாகிறதா என்ற கேள்வியை விட்டுவிடுகிறேன். எட்டு வயதுப் பையனின் மாலை நேரத்துக்குக் கணக்கு கேட்பதில் எனக்கு உடன்பாடில்லை. கொஞ்ச நேரம் ஆடட்டும், அப்புறம் தெருவுக்குப் போகட்டும். பழையதா புதியதா என்பதும் பெரிய விஷயமில்லை, இரண்டையும் ஆடட்டும்.

என்னை நிறுத்தியது கடைசியில் போகிறபோக்கில் நீங்கள் எழுதிய அந்த நாலு வரிதான். வீடே சிரித்தது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கோபம்தான் வந்தது.

கற்றுக்கொடுப்பது பற்றிக் கொஞ்ச நாளாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன். இப்போது எந்த ஆப்பைத் திறந்தாலும் முதலில் ஒரு அம்புக்குறி வந்து ‘இங்கே தொடு’ என்கிறது. தொட்டால் ‘சபாஷ்’ என்கிறது. குழந்தைகளுக்கான விளையாட்டுகளில் பல நிமிடங்களுக்கு இதே கதைதான். நாமாக ஒன்றைக் கண்டுபிடிக்க ஒரு நொடிகூட விடுவதில்லை. இந்த எரிச்சலோடு இருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது.

உங்கள் அம்மா செத்தாரே, அந்த இடத்தைப் பாருங்கள். விளையாட்டின் நாயகன் மாரியோ திரையின் இடது ஓரத்தில் வலப்பக்கம் பார்த்து நிற்கிறான். முன்னால் வெட்டவெளி. போகவேண்டிய திசையை அதுவே சொல்லிவிடுகிறது. கொஞ்சம் நடந்தால் முறைத்த கண்களோடு ஒரு காளான் பொம்மை எதிரே வருகிறது. கூம்பா என்று பெயர். முதல் முறை ஆடுகிறவர் அதன்மேல் மோதிச் சாவார். செத்தால் என்ன நஷ்டம்? சில நொடிகள். உடனே மறுபடி அதே இடம், அதே பொம்மை. இந்தத் தடவை குதிக்கலாம் என்று கைக்கே தோன்றும். குதித்து அதன் தலையில் விழுந்தால் அது நசுங்கும். எதிரியை மிதிக்கலாம் என்ற பாடம் அங்கே முடிந்தது. சொல்லிக்கொடுக்க ஒரு எழுத்துகூடத் திரையில் வரவில்லை.

இதைச் செய்தவர்கள் கியோட்டோவில் இருந்த நின்டெண்டோ நிறுவனத்தின் ஷிகெரு மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும். லெவல்களைக் கட்டம்போட்ட தாளில் கையால் வரைந்து நிரல் எழுதுகிறவர்களுக்குக் கொடுத்தார்கள். விளையாட்டில் இருக்கும் எதிரிகளில் கடைசியாகச் செய்யப்பட்டது கூம்பாதான் என்பது தெரியுமா? அதற்கு முன்பே ஆமை இருந்தது. ஆனால் ஆமையை மிதித்தால் ஓட்டுக்குள் போய்விடும், அப்புறம் அந்த ஓட்டை உதைக்க வேண்டும். புதிதாக ஆடுகிறவருக்கு இந்த இரண்டு வேலை அதிகம் என்று பட்டது. அதனால் ஒரே மிதியில் நசுங்கும் ஒன்றைச் செய்து எல்லோருக்கும் முன்னால் நிறுத்தினார்கள். உங்கள் அம்மாவைப் போன்ற ஒருவரை மனதில் வைத்துத்தான் அந்தப் பொம்மையே பிறந்தது. அவர் அதனிடம் மூன்று முறை செத்ததும் நீங்கள் கன்ட்ரோலரைப் பிடுங்க விட்டுவிட்டீர்கள்.

அடுத்தது இன்னும் அழகு. கேள்விக்குறி போட்ட கட்டியை முட்டினால் காளான் ஒன்று வெளியே வருகிறது. இப்போதுதான் ஒரு காளான் பொம்மையிடம் செத்திருக்கிறோம், இதைப் பார்த்தாலும் பயம் வரும். அது வலப்பக்கம் நகர்ந்து, கீழே விழுந்து, பச்சைக் குழாயில் மோதித் திரும்பி நம்மை நோக்கியே வருகிறது. தாண்டிக் குதிக்கலாம் என்று பார்த்தால் தலைக்கு மேல் கட்டிகள் தட்டுகின்றன, காளான் மேலேயே விழுகிறோம். பார்த்தால் மாரியோ பெரியவனாகிவிட்டான்! ஓடி ஒளிய நினைத்தாலும் நல்லது நம்மீது வந்து மோதும்படி அந்த இடத்தைக் கட்டியிருக்கிறார்கள். மியாமோட்டோவே பின்னாளில் பேட்டிகளில் இந்த இடத்தை விளக்கியிருக்கிறார்.

அதே லெவலில் பின்னால் இரண்டு ஜோடிப் படிக்கட்டுகள் வரும். முதல் ஜோடிக்கு நடுவே தரை இருக்கும். ஏறிக் குதித்துத் தவறினால் தரையில் விழலாம், மறுபடி ஏறலாம். அதைத் தாண்டினால் அதேபோல இன்னொரு ஜோடி, நடுவே பள்ளம். முதலில் விழுந்து பழக இடம் கொடுத்துவிட்டு அப்புறம்தான் ஆபத்தான இடத்துக்கு அழைத்துப் போகிறார்கள். எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர்களில் இவ்வளவு பொறுமை உள்ளவர்கள் குறைவு.

என் பெரியம்மா வீடு விருதுநகரில். தொண்ணூறுகளின் நடுவில் பெரியப்பா சென்னை பர்மா பஜாரிலிருந்து ஒரு டிவி கேம் வாங்கிவந்தார். நின்டெண்டோ ஜப்பானில் விற்ற ஃபேமிகாம் என்ற கருவியைப் பார்த்துச் செய்த நகல், சிவப்பும் வெள்ளையுமாக இருக்கும். ஆண்டெனா வயரைக் கழற்றி இதைச் செருகி, சேனலைத் திருகித் திருகிப் படம் வரவைக்க வேண்டும். கேசட்டின் அட்டையில் 9999 விளையாட்டுகள் என்று போட்டிருந்தது. உள்ளே இருந்தது சிலதான், அதையே திரும்பத் திரும்ப வேறு பெயரில் காட்டும். கோடை லீவில் அண்ணன்மார்கள் காலையிலிருந்து அதன் முன்னால்தான். பெரியம்மா முறுக்கும் மோரும் கொண்டுவந்து வைத்துவிட்டு வாசல் நிலையில் சாய்ந்து கொஞ்ச நேரம் பார்ப்பார். ஒருநாள் “நான் ஒருதடவ பாக்கட்டாடா?” என்றார். “உனக்கு என்னம்மா தெரியும், போம்மா” என்றான் பெரிய அண்ணன். போய்விட்டார்.

அன்று இரவு கூடத்தில் நாங்கள் வரிசையாகப் படுத்திருந்தோம். விழிப்பு வந்து பார்த்தால் டிவி வெளிச்சம். பெரியம்மா மிக அருகில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார். சத்தத்தை ஏறக்குறைய அணைத்துவிட்டிருந்தார். நான் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். செத்தார், மறுபடி வந்தார், செத்தார். ஒவ்வொரு முறை குதிக்கும்போதும் ஜாய்ஸ்டிக்கைக் கையோடு மேலே தூக்கினார், வயர் இழுபட்டது. பிறகு எப்படியோ கூம்பாவின் தலையில் விழுந்தார். அது நசுங்கியதும் சட்டென்று திரும்பி எங்களையெல்லாம் பார்த்தார், யாராவது விழித்திருக்கிறார்களா என்று. காளான் வந்தபோது “ஐயோ” என்று பின்னால் சாய்ந்தார். அது மேலே பட்டு மாரியோ வளர்ந்ததும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். விட்டுவிட்டு வந்த காசை எடுக்கத் திரும்பிப் போகப் பார்த்தார். இந்த விளையாட்டில் திரை பின்னால் நகராது. அதற்கு மட்டும் அவருக்கு வருத்தம்.

பெரியம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய தேவையும் அங்கே இல்லை. ஏற்கெனவே தேர்ந்தவன் என்று பின்னால் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. அந்த லீவு முடிவதற்குள் அவர் முதல் உலகத்தை, அதாவது முதல் நாலு லெவல்களை, தாண்டியிருந்தார். காலையில் கோலம் போடும்போது அந்த இசையை முனகுவார். கோஜி கோண்டோ இசையமைத்த அந்த மெட்டை 2023இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தன் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்தது. வீடியோ கேம் இசை ஒன்று அதில் இடம்பெற்றது அதுவே முதல் முறை. செய்தியைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது பெரியம்மாவின் முனகல்தான். அண்ணன்மார்களுக்குக் கடைசிவரை தெரியாது. அதே தோசைக்கல் முன்னால் நின்று அவர்களுக்குத் தோசை வார்த்துக்கொண்டிருந்தார்.

எஸ்., இப்போது உங்களிடம் வருகிறேன். “உங்களுக்கு வராது” என்று எதைப் பார்த்துச் சொன்னீர்கள்? அந்தக் குதியை யாராலும் வாயால் சொல்லிக்கொடுக்க முடியாது. பட்டனை லேசாகத் தட்டினால் சின்னக் குதி. அழுத்திப் பிடித்தால் உயரக் குதி. ஓடிவந்து குதித்தால் இன்னும் கொஞ்சம் உயரம். அந்தரத்தில் இருக்கும்போதே திசையைத் திருப்பலாம். எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு உயரம் என்பது விரலுக்கு மட்டும் தெரிகிற கணக்கு. விரலுக்குத் தெரிய வேண்டுமானால் விரல் அங்கே இருக்க வேண்டும், திரும்பத் திரும்பத் தப்பு செய்ய வேண்டும். உங்கள் அம்மாவின் விரல்கள் பார்க்காமலேயே பூத் தொடுக்கும், நாலு இழுப்பில் சிக்குக்கோலம் போடும். நீங்கள் எந்த விரலைப் பற்றிப் பேசுகிறீர்கள்?

உங்கள் மகன் முதல் தடவையிலேயே கூம்பாவைத் தாண்டினானா? நீங்கள் தாண்டினீர்களா? மாட்டீர்கள். அவன் செத்தபோது யாரும் சிரித்திருக்க மாட்டார்கள், குழந்தை கற்றுக்கொள்கிறான் என்று சொல்லியிருப்பீர்கள். அதே மூன்று சாவு அம்மாவுக்கு வந்தால் வராது என்றாகிவிடுகிறது. இது எல்லா வீட்டிலும் நடக்கிறது. செல்போனில் பணம் அனுப்ப, வண்டி ஓட்ட, வங்கி மெஷினில் பணம் எடுக்க என்று ஒவ்வொன்றிலும் அம்மாக்களுக்கு ஒரே ஒரு முயற்சிதான் தருகிறோம். தடுமாறினால் “கொடும்மா, நானே பண்றேன்” என்று பிடுங்கிக்கொள்கிறோம். உதவி செய்ததாக வேறு நினைப்பு. அடுத்த முறை அவர்கள் கேட்பதே இல்லை. அதை அவர்களுக்கு ஆர்வமில்லை என்று எடுத்துக்கொள்கிறோம். முன்பின் தெரியாத ஒருவருக்காக, அவர் எங்கே பயப்படுவார், எங்கே விழுவார் என்று யோசித்து யோசித்து இரண்டு பேர் தாளில் கட்டம் கட்டமாக வரைந்திருக்கிறார்கள். கூடவே இருக்கும் உங்களால் அரைமணி நேரம் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாதா?

கோபமாக எழுதிவிட்டேன். நீங்கள் கெட்டவர் என்று நினைக்கவில்லை. கெட்டவராக இருந்தால் அந்த நாலு வரியைக் கடிதத்தில் சேர்த்திருக்கவே மாட்டீர்கள். ஏதோ உறுத்தியதால்தான் எழுதினீர்கள்.

இனி செய்யவேண்டியது. பையன் ஸ்கூலுக்குப் போன பிறகு அம்மாவிடம் கன்ட்ரோலரைக் கொடுங்கள். எந்தப் பட்டன் எதற்கு என்றுகூடச் சொல்ல வேண்டாம், இந்த விளையாட்டுக்குத் தேவைப்படுபவை நாலைந்துதான், அழுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். நீங்கள் அறையில் இருந்தே ஆக வேண்டுமென்றால் பேப்பர் படியுங்கள். “குதிங்க, குதிங்க” என்று பின்னாலிருந்து கத்தாதீர்கள். திரை நொடிக்கு 60 முறை மாறுகிறது. உங்கள் சொல் காதில் விழுந்து கைக்குப் போவதற்குள் காரியம் முடிந்திருக்கும். செத்த இடத்திலிருந்து பின்னோக்கி ஓட்டும் வசதி அந்த ஸ்விட்சில் உண்டு, அதைக் காட்டாதீர்கள். சாவதுதான் அங்கே பாடம். முதல் உலகத்தின் இரண்டாவது லெவலில் கூரைக்கு மேலே ஏறி ஓடினால் நேராக நாலாவது உலகத்துக்குப் போகலாம் என்பதையும் சொல்லிவிடாதீர்கள். அதைத் தானே கண்டுபிடிக்கிற சந்தோஷத்தை உங்கள் பையனுக்கே நீங்கள் விட்டுவைத்திருக்கிறீர்களோ என்னவோ, அம்மாவுக்காவது விட்டுவையுங்கள்.

ஒன்றே ஒன்று சொல்லிக்கொடுக்கலாம், அதுவும் அவராகக் கேட்டால். மூன்றாவது, நாலாவது உலகம் என்று போய் எல்லா உயிரும் தீர்ந்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து ஆடவேண்டியதில்லை. தொடக்கத் திரையில் ஏ பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டைத் தட்டினால் செத்த உலகத்தின் முதல் லெவலிலிருந்தே தொடங்கும். ஸ்விட்சில் ஸ்டார்ட்டுக்குப் பதில் பிளஸ் பட்டன். எங்கள் பெரியம்மாவுக்கு இது தெரியாது, எங்கள் யாருக்குமே அப்போது தெரியாது.

அம்மா எதுவரை போனார் என்று எழுதுங்கள். அவரே எழுதினால் இன்னும் நல்லது.