பையில் தூக்கும் ஆக்சிஜன் மெஷின் அம்மாவுக்குப் போதுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 66 வயது. பீடி, சிகரெட்டைத் தொட்டதே இல்லை. நாற்பது வருடம் விறகடுப்பில் சமைத்தவர். மூன்று வருடமாக சிஓபிடி என்ற நாள்பட்ட நுரையீரல் நோய்க்கு மருந்து எடுக்கிறார். போன மாதம் நுரையீரல் மருத்துவர் பார்த்துவிட்டு, "சும்மா உட்கார்ந்திருக்கும்போதே ரத்தத்தில் ஆக்சிஜன் 86 சதவீதம்தான் இருக்கிறது. வீட்டில் நிமிடத்துக்கு 2 லிட்டர் ஆக்சிஜன், தினமும் 15 மணி நேரத்துக்குக் குறையாமல் வைக்க வேண்டும்" என்று எழுதிக் கொடுத்தார். கடையில் தோளில் மாட்டிக்கொள்கிற சின்ன மெஷின் ஒன்றைக் காட்டி, "இதில் 5 வரை இருக்கிறது, அதாவது ஐந்து லிட்டர். பகல், ராத்திரி இரண்டுக்கும் இது ஒன்றே போதும்" என்கிறார்கள். விலை ஏறக்குறைய இரண்டு லட்சம். அம்மா வாயைத் திறந்துகொண்டு தூங்குவார். பக்கத்து வீட்டில் கரோனா சமயத்தில் வாங்கிய பெரிய மெஷின் சும்மா கிடக்கிறது, எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். சித்தியோ பைபேப் வாங்கச் சொல்கிறார். ஆடியில் குலதெய்வக் கோயிலுக்குப் போக வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை, காரில் நான்கு மணி நேரம். எதை வாங்குவது?
– வாசகி, தேனி மாவட்டம்

மருத்துவர் பதில்:

பணத்தைக் கட்டிவிடவில்லையே? நல்லது, கொஞ்சம் பொறுங்கள். அந்தச் சின்ன மெஷின் மோசமான மெஷின் இல்லை. ஆனால் கடையில் சொன்ன "5 என்றால் ஐந்து லிட்டர்" என்பது தவறு. அதை நம்பி ராத்திரியும் அதையே மாட்டிவிட்டால் அம்மாவுக்குத்தான் கஷ்டம்.

பெரிய மெஷின், அதாவது வீட்டில் ஒரு மூலையில் வைக்கும் கான்சென்ட்ரேட்டர், ஆக்சிஜனை விடாமல் கொடுத்துக்கொண்டே இருக்கும். சின்னது அப்படி இல்லை. அம்மா மூச்சை இழுக்கிறார் என்று தெரிந்ததும் உள்ளே ஒரு வால்வு திறந்து ஒரு வாய் ஆக்சிஜனைத் தள்ளிவிட்டு மூடிக்கொள்ளும். அடுத்த மூச்சுக்கு மறுபடி. காதைக் கிட்டக் கொண்டுபோனால் ஒவ்வொரு மூச்சுக்கும் "புஸ்" என்று ஒரு சத்தம் கேட்கும். இதைத்தான் பல்ஸ் முறை என்கிறார்கள்.

இவ்வளவு கொஞ்சமாகக் கொடுத்தால் எப்படிப் போதும் என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அம்மா நிமிடத்துக்கு 20 முறை மூச்சு விடுகிறார் என்று வையுங்கள். ஒரு மூச்சுக்கு 3 விநாடி. அதில் உள்ளே இழுப்பது சுமார் 1 விநாடிதான். பெரிய மெஷின் 2 லிட்டரில் ஓடும்போது விநாடிக்கு 33 மில்லி வருகிறது. மூச்சை வெளியே விடுகிற நேரத்தில் வருவது பெரும்பாலும் வீணாகக் காற்றில் கலந்துவிடும். உள்ளே போகிற 33 மில்லியிலும் கடைசியாக நுழைவது தொண்டையிலும் மூச்சுக்குழாயிலுமே நின்றுவிடும், ரத்தத்தில் சேராது. ஆக, ஒரு மூச்சில் உண்மையாகப் பயன்படுவது 20 மில்லி சொச்சம். அந்த 20 மில்லியை, மூச்சு தொடங்கும்போதே முதல் வாயில் ஊட்டிவிட்டால் போதுமே என்பதுதான் சின்ன மெஷினின் யோசனை. அதனால்தான் அது இரண்டு, இரண்டரை கிலோவில் அடங்குகிறது, பேட்டரியிலும் ஓடுகிறது. நல்ல யோசனைதான், எனக்கு அதில் குறை இல்லை.

இனி அந்த எண்ணுக்கு வருவோம். கடைகளில் அதிகம் கிடைக்கும் ஒரு வகை மெஷினில் ஓர் எண்ணுக்கு நிமிடத்துக்கு 210 மில்லி. 2 வைத்தால் 420 மில்லி. 20 மூச்சுக்குப் பிரித்தால் மூச்சுக்கு 21 மில்லி, நாம் போட்ட கணக்கோடு பொருந்துகிறது. 5 வைத்தாலும் மொத்தம் 1,050 மில்லிதான், ஒரு லிட்டர் சொச்சம். அந்த 5 என்பது குமிழில் போட்ட எண், லிட்டர் இல்லை. வேறு கம்பெனி மெஷினில் அதே 2-க்கு அளவு வேறாக இருக்கும்.

இதைவிட முக்கியமானது இன்னொன்று. அம்மா எழுந்து நடந்தால் மூச்சு வேகமாகும், நிமிடத்துக்கு 30 ஆகும். இந்த வகை மெஷின் அதே 420 மில்லியை 30 மூச்சுக்குப் பங்கு போடும், அப்போது மூச்சுக்கு 14 மில்லிதான். உடம்பு அதிகம் கேட்கிற நேரத்தில் ஒவ்வொரு வாயும் சிறுத்துப்போகிறது.

போன வருடம் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் இதே மாதிரி மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். "உட்கார்ந்தால் 92 காட்டுது டாக்டர், ஆனால் பாத்ரூம் போய் வந்தால் கண்ணைக் கட்டுது" என்றார். விரலில் ஆக்சிமீட்டரை மாட்டிவிட்டு வராந்தாவில் கூடவே நடந்தேன். மூன்றாவது திருப்பத்தில் 83. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். எண்ணை 4-க்கு ஏற்றி, அரை மணி உட்காரவைத்து, மறுபடி நடந்தோம். 89-க்குக் கீழே போகவில்லை. வாங்கி எட்டு மாதம் ஆகியிருந்தது. உட்காரும்போது 2, நடக்கும்போது 4 என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அதனால், வாங்குவதற்கு முன் எந்த மெஷின் வாங்கப்போகிறீர்களோ அதையே மாட்டிக்கொண்டு அம்மா ஆறு நிமிடம் நடக்க வேண்டும், உங்கள் நுரையீரல் மருத்துவர் முன்னால். கடைக்காரர் ஒரு நாள் டெமோ தர மாட்டேன் என்றால் அந்தக் கடை வேண்டாம்.

ராத்திரிக்கு வருகிறேன். மூக்கில் ஓர் இழுப்பு தெரிந்தால்தான் பல்ஸ் மெஷின் கொடுக்கும். தூக்கத்தில் மூச்சு மெலிந்துபோகும். வாய் திறந்து தூங்குபவர்களில் சிலருக்கு மூக்கில் போதுமான இழுப்பு இருக்கும், சிலருக்கு இருக்காது. மூச்சே தெரியவில்லை என்றால் சில மெஷின்கள் தாமாகவே ஒரு சீரான வேகத்தில் விட்டுக்கொண்டிருக்கும். ஆனால் அது அம்மா மூச்சை இழுக்கும் நேரத்தோடு சேராது. உங்கள் அம்மா வாய் திறந்து தூங்குகிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ராத்திரி முழுக்க ஆக்சிமீட்டர் பதிவு எடுத்துப் பார்க்காமல் அதை நம்ப வேண்டாம். தூக்கத்துக்குப் பெரிய மெஷின்தான், விடாமல் 2 லிட்டர்.

15 மணி நேரம் என்று உங்கள் மருத்துவர் சொன்னதை யாரும் குறைத்துவிட வேண்டாம். பிரிட்டனில் 1981-ல் வெளியான ஆய்வில், அம்மாவைப் போல ஆக்சிஜன் மிகவும் குறைந்த 87 பேரைப் பார்த்தார்கள். தினமும் 15 மணி நேரம் ஆக்சிஜன் எடுத்த 42 பேரில் 19 பேர் ஐந்து வருடத்துக்குள் இறந்தார்கள், எடுக்காத 45 பேரில் 30 பேர். அதற்கு முந்தைய வருடம் அமெரிக்காவில் வந்த ஆய்வில், ராத்திரி மட்டும் எடுத்தவர்களைவிட நாள் முழுக்க எடுத்தவர்களே அதிகம் பிழைத்தார்கள். இது மூச்சிரைப்பு வரும்போது மட்டும் போட்டுக்கொள்கிற மாத்திரை மாதிரி இல்லை. ஆக்சிஜன் குறைவாகவே இருந்தால் நுரையீரல் ரத்தக்குழாய்கள் இறுகும், இதயத்தின் வலப்பக்கம் களைத்துப்போகும், கால் வீங்கும். அதைத் தடுக்கத்தான் இத்தனை மணி நேரம். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த 86 என்பது சளி, காய்ச்சல் முற்றி ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்த சமயத்தில் எடுத்ததா? அப்படியானால் இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். சிலருக்கு ஏறிவிடும், அப்போது மெஷினே தேவைப்படாது.

பக்கத்து வீட்டு மெஷின். கரோனா இரண்டாம் அலையில் பதறிப்போய் வாங்கியவை எல்லாம் ஒரே தரம் இல்லை. ஒரு லிட்டரில் வைத்தால் வருகிற காற்றில் 90 சதவீதம் ஆக்சிஜன், குமிழைத் திருப்பத் திருப்ப 30, 40 சதவீதத்துக்கு இறங்குகிறவையும் அப்போது விற்றன. இந்த மெஷின்கள் உள்ளே இருக்கும் சியோலைட் என்ற மணிகளால் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துவைத்துவிட்டு ஆக்சிஜனை விடுகின்றன. வருடக்கணக்கில் சும்மா கிடந்தால் மணிகள் ஈரம் குடித்துத் திறன் இழந்துவிடும். மெஷின் ஓடும், விளக்கு எரியும், காற்றும் வரும், ஆனால் வருவது வெறும் காற்றாகவே இருக்கலாம். டெக்னீஷியனை வரவழைத்து, ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் அனலைசரில் பார்க்கச் சொல்லுங்கள். 2 லிட்டரில் இருபது நிமிடம் ஓடிய பிறகும் 90 சதவீதத்துக்கு மேல் காட்டினால் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். இரண்டு லட்சத்தில் பெரும் பகுதி உங்களுக்கு மிச்சம். ஃபில்டரை மட்டும் வாரம் ஒருமுறை கழுவிக் காயவைத்துப் போடுங்கள்.

கரண்ட் போனால்? ஐந்து லிட்டர் வரை தரும் பெரிய மெஷினுக்கு 350 வாட்ஸ் அளவு வேண்டும், வீட்டு இன்வெர்ட்டர் எவ்வளவு நேரம் தாங்கும் என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். எப்படியும் ஒரு பி-டைப் சிலிண்டர் வாடகைக்கு எடுத்து வையுங்கள். முழுசாக இருந்தால் சுமார் 1,500 லிட்டர், 2 லிட்டர் வேகத்தில் 12 மணி நேரம் வரும்.

சித்தி சொன்ன பைபேப் வேறு சாமான். ஆக்சிஜன் மெஷின் ஆக்சிஜனைத் தரும், மூச்சை அம்மாதான் இழுத்தாக வேண்டும். பைபேப் முகமூடி வழியாக, இழுக்கும்போது கூடுதல் அழுத்தமும் விடும்போது குறைந்த அழுத்தமும் கொடுத்து மூச்சுத் தசைகளுக்குத் தோள் கொடுக்கும். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு தேங்குகிறவர்களுக்குத்தான் அது. காலையில் எழுந்ததும் தலைவலி, பகலில் பேசிக்கொண்டே தூங்கிவிழுவது, பேச்சில் குழப்பம் இருக்கிறதா பாருங்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒருமுறை ஏபிஜி, அதாவது மணிக்கட்டுத் தமனியில் எடுக்கும் ரத்தப் பரிசோதனை, செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள். அதைப் பார்க்காமல் பைபேப் வாங்குவது வீண் செலவு. பைபேப்போடு ஆக்சிஜனும் தேவைப்பட்டால், பெரிய மெஷினின் ஆக்சிஜனைத்தான் அதோடு இணைக்க முடியும், பல்ஸ் மெஷினை முடியாது.

இன்னொன்று, கையெடுத்துக் கேட்கிறேன். ஆக்சிமீட்டரில் 98 வர வேண்டும் என்று குமிழைத் திருப்பாதீர்கள். சிஓபிடிக்காரர்களுக்குப் பொதுவாக 88 முதல் 92 வரை இருந்தால் போதும். அளவுக்கு மீறிக் கொடுத்தால் சிலருக்குக் கார்பன் டை ஆக்சைடு ஏறி மயக்கத்தில் ஆழ்ந்துவிடுவார்கள். பாசத்தில் செய்கிற தவறு இது, நிறைய வீடுகளில் பார்த்துவிட்டேன். விரல் சில்லென்று இருந்தாலும் நெயில் பாலிஷ் இருந்தாலும் எண் தப்பாகக் காட்டும், கையைத் தேய்த்துச் சூடாக்கி மறுபடி பாருங்கள். ஆக்சிஜன் வைத்தும் 88-ஐ எட்டவே இல்லை, உதடு நீலம் பூக்கிறது, எழுப்பினால் கண் திறக்கவில்லை, இதில் ஒன்று நடந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள்.

மூக்கு காய்ந்து எரியும். தேங்காய் எண்ணெய், வாஸ்லின், தைலம் எதையும் தடவ வேண்டாம், ஆக்சிஜனோடு எண்ணெய்ப் பிசுக்கு சேர்ந்தால் எளிதில் தீப்பற்றும். தண்ணீரில் கரையும் ஜெல் மருந்துக்கடையில் கிடைக்கும். டியூப் மாட்டியிருக்கும்போது பூஜை விளக்கு, ஊதுபத்தி, கேஸ் அடுப்புப் பக்கம் அம்மா போகக் கூடாது. வெந்நீருக்கு மட்டும் இன்னும் விறகு எரிக்கிறீர்கள் என்றால் அதையும் நிறுத்துங்கள். நுரையீரல் கெட்டதே அந்தப் புகையில்தான்.

கோயிலுக்குப் போகட்டும், ஆசையைத் தடுக்க வேண்டாம். நடந்து பார்த்து அம்மாவுக்கு ஒத்துவருகிறது என்று தெரிந்தால் சின்ன மெஷினை அந்த வாரத்துக்கு வாடகைக்கு எடுங்கள். மாதம் நான்கு முறை வெளியே போகிற ஆள் இல்லையென்றால் வாங்கவே வேண்டாம். பேட்டரி இத்தனை மணி நேரம் என்று பெட்டியில் போட்டிருப்பது பெரும்பாலும் குறைந்த எண்ணுக்கான கணக்கு, 4-ல் ஓடினால் சீக்கிரம் தீர்ந்துவிடும். கார் சார்ஜரும் கூடுதல் பேட்டரியும் கேட்டு வாங்குங்கள். சின்ன மெஷினில், ஆக்சிஜனை ஈரமாக்கும் தண்ணீர் பாட்டிலையோ நீளமான டியூபையோ இணைக்கக் கூடாது, மூச்சு இழுப்பது மெஷினுக்குத் தெரியாமல் போகும். காரில் அம்மா தூங்கிவிட்டால் விரலில் மாட்டி ஒருமுறை பாருங்கள். வழியில் கொடைக்கானல் ஏறிவிட்டுப் போகலாம் என்று யாராவது கிளம்பினால் சம்மதிக்காதீர்கள், 2,100 மீட்டர் உயரத்தில் நல்ல நுரையீரலுக்கே ஆக்சிஜன் குறையும். அங்கே போனதும் பொங்கல் வைக்கிற அடுப்புக்குக் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறதோ, அந்தப் பக்கமாகப் பத்துப் பதினைந்து அடி தள்ளி அம்மாவுக்கு ஒரு நாற்காலி போடுங்கள். பானை பொங்குவது அங்கிருந்தே தெரியும்.