பட்டர்வொர்த் ஸ்விட்சில் விடுபட்ட ‘ஆட்’

கேள்வி: பினாங்கு, பாயான் லெப்பாஸில் ஒரு நிறுவனத்தின் ஐடி பிரிவில் இருக்கிறேன். பட்டர்வொர்த் கிடங்கில் புது கேமராக்கள் வந்தன. அவற்றுக்காக அங்குள்ள சிஸ்கோ ஸ்விட்சில் (கருவிகளை நெட்வொர்க்கில் இணைக்கும் பெட்டி) விலான் 30-ஐ (ஒரே கம்பிகளில் தனித்தனியாக ஓடும் நெட்வொர்க்குகளில் ஒன்று) சேர்க்க, தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியாக இங்கிருந்தே நுழைந்தேன். பல விலான்களை அடுத்த ஸ்விட்சுக்குக் கொண்டுபோகும் டிரங்க் போர்ட்டில் ‘ஸ்விட்ச்போர்ட் டிரங்க் அலவ்ட் விலான் 30’ என்று அடித்து என்டரைத் தட்டியதும் திரை அப்படியே நின்றுவிட்டது. மாலை நெரிசலில் பினாங்குப் பாலத்தைத் தாண்டிப் போய், கன்சோல் கேபிளை நேரே ஸ்விட்சில் செருகித்தான் மீட்டேன். எங்கே தவறினேன்?

பதில்: ‘ஆட்’ என்ற சொல்லை விட்டுவிட்டீர்கள். ‘அலவ்ட் விலான் ஆட் 30’ என்று அடித்திருந்தால் இருக்கும் பட்டியலோடு 30 சேர்ந்திருக்கும். ‘ஆட்’ இல்லாமல் அடித்தால் பழைய பட்டியல் முழுவதும் போய், 30 மட்டும் நிற்கும். நீங்கள் உள்ளே வந்தது வேறொரு விலானில்; அதுவும் பட்டியலோடு போய்விட்டது. ஏறி உட்கார்ந்திருந்த கிளையை வெட்டியதுதான் நடந்தது. வெட்கப்பட வேண்டாம், இந்தத் தொழிலில் இதைச் செய்யாதவர்கள் குறைவு.

இதில் ஒரு சங்கடம் உண்டு. சிஸ்கோவில் சில கட்டளைகள் சேர்க்கும், சில மாற்றி எழுதும். பார்த்த மாத்திரத்தில் எது எந்த வகை என்று தெரியாது. ஒரு போர்ட்டுக்கு ஐபி முகவரி கொடுத்தால் பழையது போய்விடும். கடைசியில் ‘செகண்டரி’ என்று சேர்த்தால்தான் இரண்டும் இருக்கும். ஆனால் கடிகார நேரத்தைத் தரும் என்டிபி சர்வரின் முகவரியை இன்னொரு தடவை கொடுத்தால் பழையதோடு புதியதும் சேரும். மனப்பாடம் செய்து மாளாது. சந்தேகம் வந்தால் கேள்விக்குறியைத் தட்டுங்கள். ‘அலவ்ட் விலான்’ வரை அடித்து, ஓர் இடம் விட்டு, கேள்விக்குறி போட்டால் ஆட், ஆல், எக்செப்ட், நன், ரிமூவ் என்று வரிசையாகக் காட்டும். ‘ஆட்’, ‘ரிமூவ்’ என்று தனித்தனிச் சொற்கள் இருந்தால், அவை இல்லாமல் அடிப்பது மாற்றி எழுதும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

இன்னொன்று சொன்னால் உங்களுக்கு எரிச்சல் வரும். அன்று நீங்கள் பாலத்தைத் தாண்டியிருக்கவே வேண்டாம். என்டர் தட்டியதும் மாற்றம் அமலுக்கு வருவது ரன்னிங் கான்ஃபிக்கில்தான், அதாவது இப்போது ஓடும் அமைப்பில். சேமிக்கும் கட்டளையான ‘ரைட் மெமரி’ கொடுக்காதவரை, மறுதொடக்கத்தில் படிக்கப்படும் ஸ்டார்ட்டப் கான்ஃபிக் பழையபடியே இருக்கும். தொடர்பு அறுந்ததால் நீங்கள் சேமித்திருக்க வழியே இல்லை. கிடங்கு ஜாகாவை (காவலாளியை) கூப்பிட்டு, அந்த ஸ்விட்சின் மின்கம்பியை மட்டும் பிடுங்கிச் செருகச் சொல்லியிருந்தால் சில நிமிடங்களில் பழைய நிலைக்கு வந்திருக்கும்.

அந்த வேலையை ஜாகாவுக்குப் பதில் ஸ்விட்சிடமே ஒப்படைக்கலாம். தொடங்கும் முன் ‘ரைட் மெமரி’ கொடுத்து, நல்ல நிலையைச் சேமித்துவிடுங்கள். அப்புறம், அமைப்பை மாற்றும் கான்ஃபிக் மோடுக்குள் போகும் முன்பே ‘ரீலோட் இன் 10’ அடியுங்கள். பத்து நிமிடத்தில் ஸ்விட்ச் தானே மறுதொடக்கம் ஆகிவிடும். இனி வேலையைச் செய்யலாம். வெளியே தள்ளப்பட்டால் பதற்றமில்லாமல் ஒரு தே தாரிக் குடித்துவிட்டு வாருங்கள். பழைய கான்ஃபிக்கோடு ஸ்விட்ச் காத்திருக்கும். எல்லாம் சரியாக இருந்தால், திறந்திருக்கும் சன்னலை மூடாமல் புதிதாக இன்னொரு எஸ்எஸ்எச் தொடுத்துப் பாருங்கள். அது நுழைந்தால் ‘ரீலோட் கேன்சல்’, பிறகு ‘ரைட் மெமரி’. சோதிக்கும் முன் சேமித்துவிட்டால் இந்த ஏற்பாடே வீண்; தப்பான கான்ஃபிக்கோடுதான் எழும். கேன்சல் செய்ய மறந்தால் கிடங்கு முழுவதும் சில நிமிடம் நெட்வொர்க் இல்லாமல் போய்விடும், அதனால் வேலை நேரத்தில் வேண்டாம். ஜூனிப்பர் என்ற இன்னொரு நிறுவனத்தின் கருவிகளில் ‘கமிட் கன்ஃபர்ம்ட்’ என்ற கட்டளை உண்டு. நீங்கள் உறுதிசெய்யாவிட்டால் 10 நிமிடத்தில், மறுதொடக்கமே இல்லாமல், பழையதற்குத் திரும்பும். எனக்கு அதுதான் பிடிக்கும்.

கேமரா படம் இன்னும் வரவில்லை என்றால், விலான் 30 இரண்டு ஸ்விட்சிலும் உருவாக்கப்பட்டிருக்கிறதா, டிரங்கின் இரு முனையிலும் அனுமதிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசியாக ஒன்று: தப்பான கருவியில் கட்டளை அடித்துவிடும் ஆபத்து. 1984-இல் பெல்கோர் என்ற அமெரிக்கத் தொலைபேசி ஆய்வு நிறுவனம் உருவாக்கிய டிஎல்1 என்ற கட்டளை மொழி ஃபைபர் கருவிகளில் புழங்கியது. அதில் எந்தக் கருவிக்கு என்பதைக் கட்டளைக்குள்ளேயே எழுத இடம் உண்டு; அரைப்புள்ளி வைத்து முடித்தால்தான் கட்டளை கிளம்பும். நம் ஸ்விட்சில் அந்தக் காவல் இல்லை. வரியின் தொடக்கத்தில் தெரியும் பெயர் ஒன்றுதான் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று சொல்லும். இரண்டு சன்னலிலும் ‘ஸ்விட்ச்’ என்ற அதே பெயர் இருந்தால் தீர்ந்தது. அடுத்த முறை பட்டர்வொர்த் போகும்போது ‘ஹோஸ்ட்நேம்’ கட்டளையால் அதற்கு ஊர்ப் பெயரையே வைத்துவிட்டு வாருங்கள்.