டீசல் இன்ஜின் மாற்றிய பழைய ஜீப் 'அசல்' வண்டியாகுமா?

கோத்தகிரியில் தாத்தா ஓட்டிய 1968ஆம் ஆண்டு பெட்ரோல் ஜீப்புக்குப் பின்னாளில் டீசல் இன்ஜின் பொருத்தப்பட்டதால், பழைய கார் காட்சியில் அதை அசல் பிரிவில் நிறுத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பொதுவாக இயலாது. ஆலையிலிருந்து வெளிவந்தபோதிருந்த சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவை மாறாதிருப்பதே அசலுக்கான அடிப்படை அளவுகோல். 50 ஆண்டு கடந்த வண்டிகளைப் பதிவதற்காக ஒன்றிய அரசு 2021இல் கொண்டுவந்த விதியும் இம்மூன்றையுமே குறிப்பிடுகிறது. டயர், பேட்டரி, பிரேக் லைனிங் போன்று தேய்ந்துபோகும் பொருள்களைப் புதுப்பிப்பது மாற்றமாகக் கருதப்படுவதில்லை. மலையேற்றத்தில் பெட்ரோல் செலவு கட்டுப்படியாகாமல் நம் பக்கத்து ஜீப்புகள் பல டீசலுக்கு மாறியவைதாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பழைய இன்ஜின் கொட்டகையில் கிடந்தால், அதன் எண்ணைப் பழைய ஆர்.சி. புத்தகத்துடன் ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்தாவிட்டால், மாற்றியமைத்த வண்டிகளுக்கான பிரிவில் பதிவதே நேர்மை.